பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினுக்கு எந்த எரிபொருள் அமைப்பு? கும்பகோணத்து மெக்கானிக் ஒருவரின் குறிப்புகள்

தை அறுவடை முடிந்த கையோடு, வைக்கோல் ஏற்றும் லாரியில் ஒரு கார் என் பட்டறைக்கு வந்து இறங்கியது. 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி., இங்கிலாந்தில் செய்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். மேல்துணி கந்தல், இருக்கைக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பாபநாசம் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவருடைய தாத்தா காலத்து வண்டி அது. கயிற்றை அவிழ்ப்பதற்குள் அவர் கேட்டார்: "மேஸ்திரி, அந்தப் பழைய கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு இன்ஜெக்ஷன் வைத்துவிடலாமா?"

கார்புரேட்டர் காற்றின் உறிஞ்சலில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும்; இன்ஜெக்ஷன் கணினி சொல்லும் அளவை அழுத்தத்தில் தெளிக்கும். ஆனால் இன்ஜினை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபம் பிடிக்கிற கதை இது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினைப் பிரித்து வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். "ஐயா, அது கடைசி வேலை. முதலில் இன்ஜின் எவ்வளவு காற்றுக் குடிக்கும், எந்தச் சாலையில் ஓடும், கோளாறு வந்தால் யார் கை வைப்பார்கள், இந்த மூன்றுக்கும் விடை வரட்டும்" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எம்.ஜி.பி. என்றதும் மிரள வேண்டாம். நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் இதுவும் ஒரே குடும்பம், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) செய்த பி-சீரிஸ். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான். அம்பாசடரின் சிலிண்டர் துளை 73 மில்லிமீட்டர், எம்.ஜி.பி.யில் 80.26, அதனால் 1798 சிசி. 1983இல் நான் தொழில் கற்றுக்கொண்டது அம்பாசடரில். ஆகவே முதல் முறை எம்.ஜி.பி. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் தூக்கியபோது, வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த சித்தப்பா மகனைப் பார்த்ததுபோல் இருந்தது. முகம் அதே முகம், உடுப்புதான் வேறு.

முதல் கணக்கு காற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 1.798 லிட்டரை இரண்டால் வகுத்து, இந்த இன்ஜின் பிழிந்து ஓடும் 5,500 சுற்றால் பெருக்கினால் நிமிடத்துக்கு 4,945 லிட்டர். முழுதாக நிரம்பாது என்பதால் எண்பது சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். தொழிற்சாலையில் பொருத்திய இரண்டு ஒன்றரை அங்குல எஸ்.யு. கார்புரேட்டர்கள் இந்தக் காற்றைத் தாராளமாகக் கொடுக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டை மாற்றி, வால்வைப் பெரிதாக்கி, 6,500 சுற்றுக்கு விரட்டப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்படிச் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் பெரிதாக்குவது, அரை ஏக்கர் வயலுக்கு ஆற்று மதகு கட்டுவதுதான்.

இரண்டாவது, சாலை. ஆலைக்காரரின் வண்டி எங்கே ஓடும்? கும்பகோணம் கடைத்தெருவில் இரண்டாவது கியரில் நகரும். திருவிடைமருதூர் தாண்டினால் வைக்கோல் டிராக்டர் பின்னால் முப்பது கிலோமீட்டர் வேகம். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது; அதை ஒதுங்கிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூம்புகார் வரை போனால், நடுவில் சில கிலோமீட்டர் மட்டும் கால் முழுதாக அழுந்தும். அவருடைய இன்ஜின் ஆயுளில் பெரும்பகுதி 1,200 முதல் 3,000 சுற்றுக்குள் கழியும். அந்த இடத்தில் எது நன்றாக எரிகிறதோ அதுதான் அவருக்கான அமைப்பு.

இனி பெட்ரோல். 1965இல் இந்த இன்ஜினுக்கு வார்த்த எண்ணெய் வேறு, இன்று பங்கில் கிடைப்பது வேறு. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். ஆகவே ஹெட்டைத் திறந்த வேளையிலேயே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட்டு போட்டுவிடுங்கள். அதற்காகப் பின்னால் ஒருமுறை திறக்க வேண்டாம். இப்போது வருவதில் இருபது சதவீதம் வரை எத்தனால். நம்பாதவர்கள் நான் ஆலைக்காரருக்குச் செய்து காட்டியதைச் செய்து பார்க்கலாம். நூறு மில்லி அளவுக் குடுவையில் பத்து மில்லி தண்ணீர் ஊற்றி, நீல மை ஒரு சொட்டு விட்டேன். அதன்மேல் தொண்ணூறு மில்லி பெட்ரோல். வாயை மூடிக் குலுக்கி, திண்ணையில் வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அடியில் நின்ற நீலம் பத்தாவது கோட்டிலிருந்து ஏறி இருபத்தைந்தைத் தாண்டி நின்றது. பெட்ரோலுக்குள் இருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் குடுவையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "அரிசியில் இப்படிக் கலந்தால் என்னை விடுவார்களா?" என்று கேட்டார். (சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள். பக்கத்தில் பீடி பிடிப்பவரையும் முதலில் அனுப்பிவிடுங்கள்.)

இதனால் என்ன என்றால், மூன்று விஷயம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று தேவை; இருபது சதவீத எத்தனால் கலந்தால் அது 13.5 அளவுக்கு இறங்கும். ஏழெட்டு சதவீத வித்தியாசம். பழைய அளவிலேயே விட்டால் இன்ஜின் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடும், சூடேறும், காலை அழுத்தினால் இருமும். இரண்டாவது, பழைய ரப்பர் குழாய் ஊறி உதிரும். கார்க் கேஸ்கெட் கசியும். மூன்றாவது, ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியைப் பாதி டேங்கோடு இரண்டு மாதம் நிறுத்தினால், எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். நம் பகுதியில் மழைக்கால நிறுத்தத்துக்கு முன் டேங்கை ஒன்று முழுதாக நிரப்புங்கள், இல்லையெனில் காலி செய்யுங்கள். பாதியில் மட்டும் விடாதீர்கள்.

ஆகவே எந்தக் கார்புரேட்டர் என்று முடிவு செய்தாலும், டேங்கிலிருந்து வேலை தொடங்கட்டும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் வகைக்கு மாற்றுங்கள். எஸ்.யு.வில் பெட்ரோல் தேங்கும் புளோட் கிண்ணத்திலிருந்து, பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட்டுக்கு வரும் சின்ன நைலான் குழாய் ஒன்று உண்டு. அதை மறப்பவர்கள்தான் அதிகம். வயதானால் அது விறைத்து, சூடான சைலன்சர் குழாய்க்கு மேலேயே சொட்டும். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் என்பதை நினைவில் வையுங்கள். புதிய எரிபொருள் டேங்கின் பழைய பிசினைக் கரைத்து இழுத்து வரும். முதல் மாதத்தில் பில்டரை இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது எஸ்.யு. இதன் முழுப் பெயர் ஸ்கின்னர்ஸ் யூனியன். ஸ்கின்னர் குடும்பம் செருப்பு வியாபாரக் குடும்பம்; ஆரம்ப கால எஸ்.யு.வில் உலோகப் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் இருந்தது. உள்ளே நடப்பது எளிது. இன்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அதற்கேற்ப ஒரு பிஸ்டன் தானே மேலேறிக் காற்று வழியைத் திறக்கும். அந்தப் பிஸ்டனில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே ஏறும், ஜெட் வாய் அகலும், பெட்ரோல் கூடும். தண்ணீர் வரத்துக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும் மதகுப் பலகை இருந்தால் எப்படியோ அப்படி. குறைந்த வேகத்திலும் காற்று நெருக்கமாகவே பாயும் என்பதால்தான் கடைத்தெரு ஊர்தலில் இது முரண்டு பிடிப்பதில்லை.

"பழைய எஸ்.யு. ஐடிலில் நிற்காது, எப்போதும் ட்யூன் செய்துகொண்டே இருக்க வேண்டும்" என்று ஒரு புகார் உண்டு. பத்தில் எட்டு முறை குற்றவாளி, காலை அழுத்தும்போது காற்று வழித் தகட்டைத் திருப்பும் திராட்டில் தண்டு. பதினாறில் ஐந்து பங்கு அங்குலத் தண்டு அது. அறுபது ஆண்டு ஆடி ஆடி உடம்பின் துளையை நீள்வட்டமாக்கிவிடும். அந்த இடைவெளியில் கணக்கில் வராத காற்று நுழையும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டால் போதும், புஷ் போட வேண்டும். ஆலைக்காரரின் கார்புரேட்டர் இரண்டையும் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குத் தண்டு கடையும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கார் பாகம் அவர் கை தொட்டதில்லை. ஆனால் வெண்கலம் அவருக்குப் பேச்சு மொழி. தண்டை உருட்டிப் பார்த்தார், வெண்கலக் கம்பியை லேத்தில் பிடித்தார், கடைசிச் சீவலில் சுருள் முடியைப்போல் மெல்லியதாக விழுந்தது. புஷ்ஷுக்குள் தண்டைச் செங்குத்தாக விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். நாலாவது முறை அப்படியே இறங்கியது. அவருக்கு அது விளக்குத் திரிக்குழாய். எனக்கு அரை வருடத் தலைவலி தீர்ந்தது.

ஊசி விஷயத்தில் தயங்காதீர்கள். 1965இன் ஐந்து பேரிங் இன்ஜினுக்குக் கையேடு சொல்லும் வழக்கமான ஊசி 5. ரிச்சுக்கு, அதாவது பெட்ரோல் கூடுதலாக வேண்டுமென்றால், 6; லீனுக்கு 21. இன்றைய பெட்ரோலுக்கு நான் 6இல் தொடங்குகிறேன். ஜெட்டை, அதன் வாயைச் சுற்றிக் கார்புரேட்டருக்குள் இருக்கும் மேடான பாலத்தின் மட்டத்துக்கு ஏற்றி, பிறகு நட்டைப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்கினால் இன்ஜின் எழுந்துகொள்ளும். மேலே உள்ள டேம்பரில் 20ஆம் எண் எண்ணெய் போதும். கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றிவிட்டு வண்டி மந்தமாக இருக்கிறது என்று வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு கார்புரேட்டரைச் சமப்படுத்த விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டையும் இணைக்கும் தண்டின் கவ்வியைத் தளர்த்துங்கள். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் பிடியுங்கள். சீறல் கேட்கும். அதே இடத்தில், அதே தூரத்தில் அடுத்ததிலும் பிடியுங்கள். சுருதி ஒன்றாகும்வரை ஐடில் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பிறகு கவ்வியை இறுக்குங்கள். எங்கள் தெருவில் தவில் வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் வேடிக்கை பார்த்தவர் குழாயை வாங்கிக் கேட்டு, என்னைவிட விரைவாகச் சொல்லிவிட்டார். அதன்பின் கலவை. பிஸ்டனைத் தூக்கும் சிறு முளையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். இன்ஜின் வேகம் ஏறி, ஏறியபடியே நின்றால் ரிச். சற்றே ஏறி அடங்கினால் சரி. தள்ளாடி அணையப் பார்த்தால் லீன்.

அடுத்தது வெபர், இன்னொரு வகைக் கார்புரேட்டர். அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அதில் சூடுபட்டவன். பல ஆண்டுகளுக்கு முன் திருவாரூரிலிருந்து வந்த 1489 சிசி எம்.ஜி.ஏ. (எம்.ஜி.பி.க்கு முந்தைய மாடல்) ஒன்றுக்கு, வெபரின் 45 டி.சி.ஓ.இ. கார்புரேட்டரைப் பொருத்தினேன். உள்ளே காற்று வழியைச் சுருக்கும் 36 மில்லிமீட்டர் வென்ச்சுரி வளையம். பெட்டியில் எது வந்ததோ அதையே போட்டேன். கார்புரேட்டர் மேல் பழி இல்லை. அளவு பார்க்காதது நான். முழு வேகத்தில் சத்தம் கேட்கவே ஊர் கூடியது. ஆனால் 2,000 சுற்றில் காலை அழுத்தினால் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். அந்த அகலத்தில் காற்றுக்கு வேகமே இல்லை. மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் வரவில்லை. வளையத்தை 32க்கு இறக்கியபோது பாதி நோய் தீர்ந்தது. மீதிக்கு ஐடில் ஜெட், எமல்ஷன் குழாய் என்று தேடித் தேடி ஆறு மாதம். கடைசியில் உரிமையாளர் பழையதையே கேட்டார்.

வெபர் வேண்டுமென்றால் ஜெட் பெட்டி ஒன்றை முழுதாக வாங்கிக்கொண்டே தொடங்குங்கள். வெபரில் ஜெட் எண் என்பது துளையின் அளவு: 135 என்றால் 1.35 மில்லிமீட்டர். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே 135இலிருந்து 140க்குப் போனால் ஏழரை சதவீதம் கூடும். எத்தனாலுக்காக வேண்டிய அளவு ஏறக்குறைய அதுதான். மேட்டூர் திறந்த நாளில் ஆற்றுத் தண்ணீரைப் பார்க்கும் சந்தோஷம் வெபரின் சத்தத்தில் உண்டு, மறுக்கவில்லை. நெடுஞ்சாலையில் விரட்டவும், பந்தயத் தடத்துக்குப் போகவும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

இன்ஜெக்ஷனுக்கு வருகிறேன். அது மோசமான யோசனை இல்லை. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்கும் தொல்லை குறையும், ஏனென்றால் எரிபொருள் டேங்குக்கும் இன்ஜினுக்கும் இடையே ஓயாமல் சுற்றுகிறது. (அம்பாசடர் காலத்தில் டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, டீ குடித்துவிட்டு வந்து கிளப்பினார்கள்.) எத்தனால் அளவு மாறினாலும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்யும். ஊட்டி ஏறினால் மெலிந்த காற்றுக்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கும்.

ஆனால் இந்த இன்ஜினில் ஒரு சிக்கல். ஹெட்டில் காற்று நுழையும் இன்லெட் வாசல் நான்கு இல்லை, இரண்டே. ஒன்றும் இரண்டும் ஒரு வாசலில். மூன்றும் நான்கும் ஒரு வாசலில். எரியும் வரிசை 1-3-4-2. அதாவது இரண்டாம் சிலிண்டர் இழுத்து முடித்து வால்வு முழுதாக மூடும் முன்பே, அதே வாய்க்காலில் முதல் சிலிண்டர் இழுக்கத் தொடங்கும். பிறகு நீண்ட ஓய்வு. முறை வைத்துப் பாய்ச்சும் வாய்க்காலில், பக்கத்து வயல்காரர் மடையை அடைக்கும் முன்னால் நீங்கள் திறந்தால் யாருக்கு எவ்வளவு போகும்? அந்தச் சண்டைதான் உள்ளேயும். வாசலுக்கு ஒரு இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலைச் சரிபாதியாகப் பிரிக்க, தெளிக்கும் நேரத்தை நுட்பமாகக் கணக்கிட வேண்டும். இதே குடும்பத்தின் சிறிய இன்ஜினான ஏ-சீரிஸில் ரோவர் நிறுவனம் மினி காருக்கு 1991இல் ஒரே இன்ஜெக்டரில் தொடங்கி, 1996இல்தான் இரண்டு இன்ஜெக்டருக்குப் போனது. நீங்கள் வைப்பதானால், கார்புரேட்டர் இடத்திலேயே உட்காரும் திராட்டில் பாடி வகைதான் புத்திசாலித்தனம்.

அதற்கும் முன்னால் மின்சாரம். 1965 எம்.ஜி.பி.யில் டைனமோ, அதைவிட முக்கியம், பாசிட்டிவ் எர்த். பாட்டரியின் கூட்டல் முனை உடம்போடு இணைந்திருக்கும். அதில் இன்றைய கணினிப் பெட்டியை அப்படியே இணைத்தால் ஒரு நொடியில் புகை. நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, ஆல்டர்னேட்டர் வைக்க வேண்டும். கார்புரேட்டருக்கு மூன்று பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு வகையைப் பொறுத்து நாற்பதுக்கும் மேல் வேண்டியிருக்கும். அந்த அழுத்தம் தாங்கும் பம்ப், குழாய், டேங்குக்குத் திரும்பும் வழி எல்லாம் புதிது. கிராங்கில் பல்சக்கரமும் சென்சாரும். இவ்வளவும் செய்து, சீர்காழி அருகே மழையில் ஒரு சென்சார் மௌனமானால் யார் பார்ப்பார்கள்? லேப்டாப்போடு உட்காரத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆலைக்காரரின் மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறார். அவர் முடித்து வரட்டும் என்று தள்ளிவைத்தேன்.

மாருதி 800 கார்புரேட்டரைத் தகடு வெட்டிப் பொருத்துகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள். அது 796 சிசிக்குச் செய்தது. வண்டி ஓடும், மூச்சுத் திணறி ஓடும்.

எதைத் தேர்ந்தாலும், கலவை ரிச்சா லீனா என்று காட்டும் லாம்டா மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, சைலன்சர் குழாயில் சென்சார் பொருத்திப் பாருங்கள். மீட்டரை லாம்டா எண்ணிலேயே வையுங்கள்: 1 என்றால் சமநிலை, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். 14.7 என்று காட்டும் அளவுகோல் எத்தனால் கலந்தாலும் சமநிலைக்கு 14.7 என்றேதான் காட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சீராக ஓடும்போது 0.95 முதல் 1 வரை, காலை முழுதாக அழுத்தும்போது 0.87 பக்கம் இருந்தால் நிம்மதி.

ஆலைக்காரரின் வண்டிக்கு எஸ்.யு. இரண்டையுமே வைத்தேன். வெண்கலப் புஷ், ஆறாம் எண் ஊசி, புதிய குழாய்கள், கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே கல்நார் இல்லாத புதிய வெப்பத் தடுப்பு. இருக்கைக்குப் பின்னால் எஸ்.யு. பம்ப். சாவியைத் திருப்பினால் அது டிக் டிக்கென்று அடித்து, கிண்ணங்கள் நிரம்பியதும் ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் வழிகிறது. இன்ஜினைக் கிளப்பாமல் முதலில் மோந்து பாருங்கள். முதல் ஓட்டம் சுவாமிமலை வரை. வழியில் கரும்பு வண்டி பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தோம். வெப்ப முள் நடுவிலேயே நின்றது. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினேன். மூன்று வெளிர் பழுப்பு. நான்காவது மட்டும் கொஞ்சம் வெளுப்பு. பின்கார்புரேட்டர் நட்டை ஒரு முகம் இறக்கிவிட்டு, மறுபடி குழாயைக் காதில் வைத்தேன்.